ரூத் சிஸ்டரின் பையும் கடலைக்கொல்லை முள்ளும்

காரிமங்கலம்
21.10.1985

குல்ஷனுக்கு ஜமீர் எழுதுவது. ஸலாம்.

நீ கோபித்துக்கொண்டு உன் அம்மா வீட்டுக்குப் போனதில் எனக்கு வருத்தம் உண்டு, ஆச்சரியம் இல்லை. முன்பெல்லாம் போனால் உன் துணிமணியை மட்டும் எடுத்துக்கொண்டு போவாய். இந்தத் தடவை ரூத் சிஸ்டரின் தோல் பையையும் சேர்த்து எடுத்துப் போயிருக்கிறாய். பட்டறை முழுக்கத் தேடினேன். தோல் ஊறும் தொட்டியில்கூடக் கையை விட்டுப் பார்த்தேன். அப்புறம்தான் உன் தையல் ஊசி டப்பாவும் காணோம் என்பது தெரிந்தது. இரண்டும் சேர்ந்து காணாமல் போனால் எங்கே போயிருக்கும் என்று கண்டுபிடிக்கப் போலீஸ் வேண்டியதில்லை.

அது யாருடைய பை என்பதை நீ மறந்துவிட்டாற்போல் இருப்பதால் ஞாபகப்படுத்துகிறேன். ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருக்கும் ரூத் சிஸ்டர் அடுத்த மாதக் கடைசியில் வேலையை முடித்துக்கொண்டு சொந்த நாடான கனடாவுக்கே போகிறார். அந்தப் பை அவர் ஊர்ப் பழங்குடிப் பெண் ஒருத்தி அவருக்குச் செய்துகொடுத்தது. மான் தோலின் மேல் முள்ளம்பன்றி முள்ளைப் பட்டையாக்கி, மடித்து மடித்துத் தைத்த எட்டிதழ்ப் பூ. வார் அறுந்துவிட்டது, தைத்துக் கொடு என்றுதான் சிஸ்டர் கொண்டுவந்தார். பூவில் ஒரு இதழ் பாதி உதிர்ந்திருந்தது. அதையும் சரிசெய்து தருகிறேன் என்று நான் மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னேன்.

நீ என்ன செய்தாய்? மீதிப் பாதி இதழையும் பிரித்துப் போட்டாய். வந்து பார்க்கிறேன், பூவில் ஓட்டை, உன் மடியில் நான்கைந்து முள் துண்டு. யாருக்குத்தான் கோபம் வராது? நான் கத்தியது தப்பு என்றால் நீ பிரித்தது அதைவிடப் பெரிய தப்பு.

பையை உடனே பஸ்ஸில் கொடுத்தனுப்பு. நீயும் கூட வந்தால் நல்லது.

ஜமீர்

தீர்த்தமலை அடிவாரம்
25.10.1985

மச்சானுக்கு குல்ஷனின் ஸலாம்.

இங்கே எல்லாரும் சுகம். பையும் சுகம். அரிசிப் பானைக்குள் பழைய புடவையில் சுற்றி வைத்திருக்கிறேன், எலி கடிக்காது.

மரியாதைக்கு ஒரு வார்த்தை சொன்னீர்களாமே! நான் பட்டறைக்கும் அடுப்பங்கரைக்கும் நடுவில் தொங்கும் திரைக்குப் பின்னால்தான் இருந்தேன், என் காது நன்றாகக் கேட்கும். "அதெல்லாம் நம்ம கையில ஆகாத வேலையா சிஸ்டர்? பூவு புதுசாட்டம் ஆயிரும், வந்து பாருங்க" என்றீர்கள். அந்த வேலை என்னவென்றே உங்களுக்குத் தெரியாது. முள்ளைத் தோலில் எப்படித் தைப்பார்கள், உள்ளே நூல் எப்படி ஓடுகிறது, மடிப்பு எந்தப் பக்கம் விழுகிறது, எதுவும் தெரியாது. பிரித்துப் பார்க்காமல் எப்படித் தெரியும்? உதிர்ந்துபோன இதழைத்தான் பிரித்தேன். மற்ற ஏழையும் தொடவில்லை.

நீங்கள் கத்தியதுகூட எனக்குப் பெரிதில்லை. மாட்டுக்குக் கழுத்துப் பட்டை வாங்க வந்த அர்ச்சுனன் அண்ணன் எதிரில், "பொம்பளைக்கு எதுக்கு இந்த வேலை" என்றீர்களே, அதுதான் பெரிது. அவர் கையில் அப்போது இருந்த பட்டையில் பூத்தையல் போட்டது யார்? இந்த வட்டாரத்தில் எத்தனை மாட்டுக் கழுத்தில் என் தையல் ஆடிக்கொண்டு போகிறது? எல்லாம் ஜமீர் கைவேலை என்றுதான் சந்தையில் பேச்சு. நான் அடுப்பங்கரையில் உட்கார்ந்து தைத்துக் கொடுக்கிறேன், நீங்கள் பட்டறையில் உட்கார்ந்து பேர் வாங்குகிறீர்கள்.

அதனால் இரண்டு விஷயம் சொல்கிறேன். அந்த இதழை நானே செய்து வைப்பேன், அதுவரை பை வராது. நான் திரும்பி வரவேண்டும் என்றால் பட்டறையில், திரைக்கு முன்னால், எனக்கு ஒரு இடம் வேண்டும். யார் தைத்தது என்று கேட்டால் என் பேரைச் சொல்ல வேண்டும். இது இல்லாமல் வேறு என்ன சொன்னாலும் என் காதில் விழாது.

முள்ளுக்குப் பஞ்சமில்லை. பக்கத்து வீட்டுப் பாஞ்சாலியின் கடலைக்கொல்லையில் ராத்திரியானால் முள்ளம்பன்றி வந்து தோண்டித் தின்கிறதாம். வேலியில் உரசி உதிர்ந்த முள்ளை ஒரு கூடை கொண்டுவந்து கொட்டினாள்.

குல்ஷன்

(அஞ்சலட்டை)

காரிமங்கலம்
29.10.1985

குல்ஷன், பட்டறையில் பெண்பிள்ளை உட்கார்ந்தால் கடைத்தெருவில் என்ன பேசுவார்கள் என்று யோசித்தாயா? அது நடக்காது. வேறு ஏதாவது கேள். மாமியிடம் என் ஸலாம் சொல். பையை அனுப்பு. இங்கே சோறு குழைகிறது. நான் வைத்தால் மட்டும் ஏன் குழைகிறது?

ஜமீர்

தீர்த்தமலை அடிவாரம்
2.11.1985

மச்சானுக்கு,

இனிமேல் அஞ்சலட்டையில் எழுதாதீர்கள். தபால்காரர் அதைப் படித்துக்கொண்டே வந்து, வாசலில் நின்று, "பாப்பா, உங்க வூட்டுக்காரருக்குச் சோறு கொழையுதாம், தண்ணிய கொறச்சு வெக்கச் சொல்லி எழுதும்மா" என்றார். அதற்குள் பாஞ்சாலி வீட்டுக்கும் தெரிந்துவிட்டது. இப்போது ஊரே உங்கள் சோற்றைப் பற்றிக் கவலைப்படுகிறது. தண்ணீரைக் குறைத்து வையுங்கள்.

இங்கே என் கதையைக் கேளுங்கள். கூடையில் இருந்ததில் பார்க்க லட்சணமாக, பேனா மொத்தத்தில், கறுப்பும் வெள்ளையுமாய்ப் பட்டை போட்ட முள்ளாகப் பொறுக்கி எடுத்தேன். மடக்கினால் பட்டென்று உடைகிறது. ஊறவைத்தேன், அப்போதும் உடைந்தது. சரி, வேகவைத்தால் இளகும் என்று அம்மாவின் சோற்றுப் பானையில் போட்டு அடுப்பில் ஏற்றினேன். அது வெந்து, தண்ணீர் வற்றி, வெடித்து, மயிர் பொசுங்கின நாற்றம் வீடு முழுக்க. தொழுகை முடித்து உள்ளே வந்த அம்மா போட்ட சத்தம் மலை மேல் கோயிலுக்கே கேட்டிருக்கும்.

"பானையும் போச்சு, மானமும் போச்சு. முள்ளம்பன்னி முள்ளு கூரைக்குக் கீழ இருந்தா வூட்டுல சண்ட ஓயாதுடி. ஒன்னு நீ வெளிய போ, இல்ல அது வெளிய போவட்டும்."

அப்படி இந்தப் பக்கத்தில் எல்லாரும் நம்புகிறார்கள். முள் இருக்கும் வீட்டில் புருஷன் பெண்டாட்டி சேர்ந்திருக்க மாட்டார்களாம். "அம்மா, நான் சண்டை போட்டுவிட்டு வந்த பிறகுதான் முள் வந்தது, அது என்ன பாவம் பண்ணியது?" என்று கேட்டேன். அதற்குப் பதிலாகப் பானைதான் வந்தது, வாசலைப் பார்த்துப் பறந்து. இப்போது நானும் கூடையும் பாஞ்சாலியின் மாட்டுக்கொட்டகையில். காலையில் சமையல் முடித்துவிட்டு அங்கே போய்விடுகிறேன். எருமை ஒன்று என்னையே பார்த்துக்கொண்டு அசைபோடுகிறது. உங்களைவிடப் பொறுமையாகப் பார்க்கிறது.

பெரிய முள் உதவாது என்று தெரிந்துகொண்டேன். கூடையின் அடியில் கிடக்கிற மெல்லிசு முள்தான் மடிகிறது. ஆனால் வேறொரு சிக்கல். சிஸ்டரின் பையைத் திருப்பி உள்பக்கம் பார்த்தேன், நூலே தெரியவில்லை. தையல் தோலின் பாதி கனத்துக்குள்ளேயே ஓடி வெளியே வந்துவிடுகிறது. நான் பழகிப் பார்ப்பதற்காக எடுத்துவந்த துண்டுத் தோலில் ஊசியை அப்படி ஓட்டினால் ஒன்று மறுபக்கம் குத்திக்கொண்டு போகிறது, இல்லாவிட்டால் மேல்தோல் கிழிகிறது.

தோலைப் பற்றி உங்களிடம் கேட்கக்கூடாது என்றுதான் இருந்தேன். கேட்கவில்லை. நடந்ததைச் சொன்னேன், அவ்வளவுதான்.

குல்ஷன்

காரிமங்கலம்
6.11.1985

குல்ஷனுக்கு,

நீ கேட்கவில்லை, நானும் பதில் சொல்லவில்லை. சும்மா பேசிக்கொண்டிருப்போம்.

நீ எடுத்துப் போனது செருப்புக்கு மேல்வார் வெட்டுகிற தோல். ஆவாரம்பட்டை ஊறலில் பதமாகி இறுகிப் போனது. அதில் பாதி கனத்தில் ஊசி ஓட்டுவது பனைமட்டையில் ஓட்டுவது மாதிரி. இந்தக் கடிதத்தோடு, உங்கள் பக்கம் வரும் அரூர் பஸ் கண்டக்டரிடம் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். குட்டி ஆட்டுத் தோல். புங்கெண்ணெய் விட்டு முழங்காலில் போட்டு நாள் முழுக்கத் தேய்த்தேன். இப்போது காது மடல் மாதிரி இருக்கிறது. தைக்கும்முன் மேல்பக்கத்தை ஈரத்துணியால் ஒற்றி எடு. மேல் பாதி இளகும், கீழ்ப் பாதி இறுகியே இருக்கும். ஊசி தானாக நடுவில் ஓடும். நூலுக்கு மெழுகு பூச மறக்காதே. குத்தூசியை நேராகக் குத்தாமல் படுக்கப்போட்டுக் குத்து.

இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்பாய். நானும் முயற்சி செய்தேன். ஆமாம், சிரி. அர்ச்சுனன் தன் கொல்லை வரப்பில் கிடந்தது என்று கொஞ்சம் முள் கொண்டுவந்து கொடுத்தார். உனக்கு முன்னால் நான் அந்த இதழைச் செய்து முடித்து, பை வந்ததும் ஒட்டிக் கொடுத்துவிடலாம் என்று நினைத்தேன். தோல் நான் சொன்ன பேச்சைக் கேட்டது. முள் கேட்கவில்லை. என் கட்டைவிரல் நகத்துக்கு அடியில் ஒன்று ஏறி, அதே ஆஸ்பத்திரிக்குப் போய், அதே ரூத் சிஸ்டரிடம் கையை நீட்டி எடுத்துக்கொண்டு வந்தேன். எப்படிக் குத்தியது என்று கேட்டார். "வேலையில சிஸ்டர், எல்லாம் உங்க பூவுக்குத்தான்" என்றேன். அது பொய் இல்லை.

கழுத்துப் பட்டை விஷயமும் சொல்லிவிடுகிறேன், எப்படியும் உன் காதுக்கு வரும். நீ போன பிறகு நானே பூத்தையல் போட்டுக் கொடுத்த பட்டையை அர்ச்சுனன் திருப்பிக் கொண்டுவந்தார். "ஏம்ப்பா ஜமீரு, உனக்குக் கண்ணு கிண்ணு கெட்டுப்போச்சா? இதப் போட்டா மாடு தலையத் தூக்க மாட்டேங்குது, வெக்கப்படுது" என்றார். உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினேன்.

தர்மபுரியில் கத்திரிப்பூ நிறத்தில் ஒரு புடவை பார்த்தேன். வாங்கி வைக்கட்டுமா? திரைக்கு முன்னால் இடம் என்பதை மட்டும் விட்டுவிடு.

ஜமீர்

தீர்த்தமலை அடிவாரம்
13.11.1985

மச்சானுக்கு,

தோல் வந்தது. பொட்டலத்தைப் பிரித்ததும் முகத்தில் வைத்துப் பார்த்தேன். புங்கெண்ணெய் வாசனையும் உங்கள் பட்டறை வாசனையும். கொஞ்ச நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எருமை எழுந்து நின்று பார்த்தது. இதை எழுத வேண்டாம் என்று நினைத்தேன், எழுதிவிட்டேன்.

நீங்கள் சொன்னபடி ஈரம் ஒற்றித் தைத்தால் ஊசி அப்படியே பாதியில் நழுவிப் போகிறது. தோலை உங்களைவிட அறிந்தவர் கிடையாது, அதை நான் எங்கேயும் சொல்வேன். புடவை வேண்டாம். எனக்கு இருப்பதே போதும்.

இப்போது நடந்ததைக் கேளுங்கள். தீபாவளிக்குப் பிறகு இங்கே மழை பிடித்துக்கொண்டது. கொட்டகை ஒழுகி, கூடை மிதந்தது. பாஞ்சாலி வீட்டில் அதிரசம் தின்றுகொண்டிருந்த நான் ஓடி வருவதற்குள் அம்மாவே கூடையைத் தலையில் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்குள் போய்விட்டாள். "நனைஞ்சா வீணாப் போயிரும்ல" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் அவள் நம்பினபடியே அன்றைக்குச் சண்டை வந்தது. நான் வேலை கெட்டுப் போய் ஊசியோடு உட்கார்ந்திருக்கிறேனாம், புருஷன் வீட்டில் பட்டினி கிடக்கிறானாம், ஒரே பாட்டு.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு கையில் தோல், ஒரு கையில் ஊசி. எடுத்து வைத்த முள்ளைப் பிடிக்க மூன்றாவது கை இல்லை. கூரான முனையைக் கத்தரித்துவிட்டு, தையற்காரர்கள் குண்டூசியை வைத்துக்கொள்வது மாதிரி நாலைந்தை உதட்டில் இடுக்கிக்கொண்டேன். அம்மா திட்டத் திட்ட என்னால் பதில் சொல்ல முடியவில்லை. வாய்க்குள் முள். அவள் பேசி முடித்து, பதில் வரவில்லையே என்று திகைத்துப் போய்ப் பார்த்தாள். பிறந்ததிலிருந்து இப்போதுதான் என்னிடம் ஜெயித்திருக்கிறாள். அத்தனை சந்தோஷம்! எனக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தாள்.

காப்பி குடிக்க முள்ளை வாயிலிருந்து எடுத்தேன். மச்சான், அது மெத்தென்று இருந்தது! தண்ணீரில் ஊறினால் வெளியே மட்டும் இளகி உள்ளே முறுக்கிக்கொண்டிருந்த முள், வாயின் சூட்டில் உள்வரைக்கும் இளகிவிட்டது. நகத்தால் ஒரு இழுப்பு இழுத்தேன், நாடா மாதிரிப் பட்டையாக வந்தது. இரண்டு வரிசை நூலுக்கு நடுவில் மேலும் கீழுமாய் மடித்து மடித்துத் தைத்தேன், நான் பிரித்துப் பார்த்த அதே மடிப்பு. உடையவில்லை. நான் போட்ட கூச்சலில் பாஞ்சாலி ஏதோ பாம்பு என்று தடியோடு ஓடி வந்தாள்.

முனையைக் கத்தரித்தும் உதடெல்லாம் குத்திக் குத்திப் புண். மிளகாய் பட்டால் உயிர் போகிறது. பரவாயில்லை.

குல்ஷன்

காரிமங்கலம்
17.11.1985

குல்ஷனுக்கு,

உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். எருமை எழுந்து நின்ற இடத்தை இன்னும் அதிகமாக.

இங்கே ஒரு அவசரம். ரூத் சிஸ்டர் பட்டறைக்கு வந்தார். வருகிற இருபத்து நாலாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, மொரப்பூரில் மெட்ராஸ் ரயில் ஏறுகிறார். அதற்கு முன்னால் பை வேண்டுமாம். "தீர்த்தமலைப் பக்கம் நம்ம ஆளுங்க கிட்ட வேலை நடக்குது சிஸ்டர்" என்று சொல்லிவைத்தேன். அவருக்கு ஒரே ஆச்சரியம், அங்கேயும் உங்களுக்குப் பட்டறை இருக்கிறதா என்றார். ஆமாம் என்றேன். எருமையோடு சேர்த்து என்று சொல்லவில்லை.

அந்தப் பையைச் செய்துகொடுத்தவள் இப்போது உயிரோடு இல்லையாம். பூ முழுசாக இல்லாமல் ஊருக்குக் கொண்டுபோக மனசு வரவில்லை என்றார் சிஸ்டர். நான் அன்றைக்கு வாயை மூடிக்கொண்டிருக்கலாம். எவ்வளவு வரை ஆகியிருக்கிறது? சிவப்பு நிறத்துக்கு என்ன செய்யப் போகிறாய்? மற்ற இதழெல்லாம் செங்கல் நிறமாயிற்றே. வெள்ளை முள்ளை வைத்தால் பல் மாதிரித் தெரியுமே.

பதில் உடனே போடு. நான் வேண்டுமானால் வந்து வாங்கிக்கொள்கிறேன்.

ஜமீர்

தீர்த்தமலை அடிவாரம்
20.11.1985

மச்சானுக்கு,

பயப்படாதீர்கள். இதழ் முடிந்தது, அறுந்த வாரையும் தைத்துவிட்டேன். இதழைப் பையிலேயே வைத்துத் தைத்துவிட்டேன். உங்கள் குட்டியாட்டுத் தோலில் ஐந்தாறு இதழ் செய்து பழகிய பிறகுதான் பையில் கை வைத்தேன்.

சிவப்புக்கு மருதாணி போட்டுப் பார்த்தேன், மஞ்சளோடு சுண்ணாம்பு கலந்து பார்த்தேன், சப்பாத்திக்கள்ளிப் பழத்தில் ஊறப்போட்டேன். ஒன்று ஒட்டவில்லை, ஒன்று கத்தரிக்காய் மாதிரி ஆனது. கடைசியில் எங்கிருந்து வந்தது தெரியுமா? அம்மா வெற்றிலை மென்றுகொண்டே, "நீ மட்டும்தான் வெச்சுக்குவியா, குடு பாக்கலாம்" என்று ஒரு முள்ளை வாங்கி வாயில் அதக்கிக்கொண்டாள். எடுத்தபோது அசல் செங்கல் நிறம். கழுவினேன், போகவில்லை. வெயிலில் போட்டேன், போகவில்லை. அப்புறம் என்ன, அந்த இதழுக்கு வேண்டிய முள் அத்தனையும் அம்மாவின் வாய் வழியாகத்தான் போனது. "வூட்டுக்குள்ள முள்ளு வரக்கூடாதுன்ன வாயிலயே வந்து உக்காந்துக்கிச்சு பாரு" என்று அவளே சிரிக்கிறாள். சோப்புக்காய் போட்டு நன்றாகக் கழுவிவிட்டேன். சிஸ்டரிடம் மட்டும் மூச்சு விடாதீர்கள்.

நீங்கள் இங்கே வர வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை மொரப்பூர் ஸ்டேஷனுக்கு நானே பையைக் கொண்டுவருகிறேன். நீங்களும் அங்கே வாருங்கள். சிஸ்டர் கையில் நான்தான் கொடுப்பேன். அவர் கேட்காமல் இருக்க மாட்டார், யார் செய்தது என்று. நான் சொல்ல மாட்டேன். நீங்கள் சொல்ல வேண்டும், உங்கள் வாயால். அதைச் சொன்னால் அப்படியே உங்களோடு காரிமங்கலம் பஸ் ஏறிவிடுகிறேன். துணிமணியெல்லாம் மூட்டை கட்டிக்கொண்டுதான் வருவேன்.

குல்ஷன்

தீர்த்தமலை அடிவாரம்
24.11.1985, இரவு

மூட்டை திரும்பி வந்துவிட்டது.

"ஜமீர், இது நீங்க செஞ்சதா?" என்று சிஸ்டர் கேட்டார். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தைதான் நீங்கள் சொல்ல வேண்டியிருந்தது. உங்கள் தலை என்ன செய்தது? மேலும் கீழும் ஆடியது. நான் பக்கத்தில் நிற்கும்போதே ஆடியது.

இதற்கு மேல் எழுதினால் அழுதுவிடுவேன். அழ மாட்டேன். பஸ்ஸில் வரும்போதும் அழவில்லை.

காரிமங்கலம்
27.11.1985

என் குல்ஷனுக்கு,

இதைக் கிழித்துப் போடாமல் கடைசி வரை படி. கிழிப்பதென்றால் படித்துவிட்டுக் கிழி.

தலை ஆடியது உண்மை. அது பழகிப்போன தலை. சந்தையில் யார் பட்டையைத் தூக்கிக் காட்டி நீ செய்ததா என்று கேட்டாலும் ஆடி ஆடிப் பழகிவிட்டது. நான் நிறுத்துவதற்குள் அது ஆடிவிட்டது. நீ மூட்டையைத் தூக்கிக்கொண்டு திரும்பியபோது உன் பின்னால் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

நீ போன பிறகு நடந்தது உனக்குத் தெரியாது. ரயில் நின்றுகொண்டுதான் இருந்தது. சிஸ்டர் ஜன்னல் வழியாகக் கையைக் காட்டி என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

"ஜமீர், உங்க உதட்டக் காட்டுங்க பாக்கலாம்."

எனக்குப் புரியவில்லை. நர்ஸ் ஆயிற்றே என்று காட்டினேன்.

"உங்க உதடு நல்லா இருக்கு. ஒரு காயம் இல்ல. குல்ஷன் உதடு பூரா முள்ளு குத்தின காயம். எங்க ஊருல இந்த வேலை செய்யிற பொம்பளைங்களும் வாயிலதான் வெச்சுக்குவாங்க. நான் அவ முகத்தப் பாத்ததுமே தெரிஞ்சுக்கிட்டேன். நீங்க சொல்றீங்களான்னு பாக்கத்தான் கேட்டேன்."

குல்ஷன், தண்டவாளம் பிளந்து என்னை உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று இருந்தது. "அவதான் சிஸ்டர், எல்லாம் அவதான்" என்று சொன்னேன். "எங்கிட்ட ஏன் சொல்றீங்க?" என்றார். வண்டி கிளம்பிவிட்டது. பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு கையசைத்தார். உன் இதழ் எது, பழைய இதழ் எது என்று எனக்கே தெரியவில்லை. நான் வெளியே ஓடி வந்தேன். அரூர் பஸ்ஸின் புழுதிதான் இருந்தது.

அவர் கேட்ட கேள்வி மண்டையைக் குடைந்துகொண்டே இருந்தது. யாரிடம் சொல்ல வேண்டும்? நேற்றுச் சந்தை. பட்டறை வாசலில் கூட்டம். அர்ச்சுனன் தன் மாட்டுக்கு வேறு பட்டை கேட்டு வந்தார். நீ போவதற்கு முன் தைத்து வைத்த ஒன்று மிச்சம் இருந்தது, எடுத்துக் கொடுத்தேன். "இதுதாம்ப்பா ஜமீரு தையலு! ஒடம்பு தேறிருச்சா?" என்று எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். தலை ஆடப் பார்த்தது. இரண்டு கையாலும் தாடையைப் பிடித்துக்கொண்டேன். நிஜமாகத்தான் சொல்கிறேன்.

"அண்ணா, எனக்கு ஒடம்பும் கெடல, கண்ணும் கெடல. இந்தத் தையலு என் வூட்டுக்காரி குல்ஷன் போட்டது. நீங்க திருப்பிக் குடுத்ததுதான் நான் போட்டது. இத்தன வருசமா எல்லாப் பட்டைக்கும் பூவு போட்டது அவதான்" என்றேன். பக்கத்துக் கடைக்காரர் தராசைப் பிடித்தபடி பார்த்தார்.

கடைத்தெருவில் என்ன பேசுவார்கள் என்று பயந்தேனே, என்ன பேசினார்கள் தெரியுமா? அர்ச்சுனன் கேட்டார்: "அப்ப அந்தப் புள்ள எப்ப வருது? பொங்கலுக்கு எனக்கு ஜோடிப் பட்டை வேணுமே." அவ்வளவுதான். அவருக்குப் பின்னால் இரண்டு பேர் அதையே கேட்டார்கள். என் பேரை யாரும் கேட்கவில்லை. கொஞ்சம் வலித்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது.

திரையைக் கழற்றிவிட்டேன். ஜன்னல் பக்கம் என் பலகையை நகர்த்தி உனக்கு இடம் போட்டிருக்கிறேன். நான் கதவுப் பக்கம். உனக்கு வெளிச்சம் இடது கையில் விழும், ஊசிக்கு அதுதான் சரி. ஆட்டுத் தோல் இன்னும் ஒன்று புங்கெண்ணெயில் ஊறுகிறது. அர்ச்சுனன் கொண்டுவந்து தந்த முள்ளையும் வீட்டுக்குள்ளேயே எடுத்து வைத்திருக்கிறேன். அது இருந்தால் சண்டை வரும் என்கிறார்களே. நீ வந்து என்னோடு சண்டை போடேன். இந்த வீட்டில் சத்தமே இல்லை, சாப்பிடவே பிடிக்கவில்லை. சோறு இப்போது குழைவதில்லை, ஆனால் தனியாகத் தின்ன முடியவில்லை.

உன் ஜமீர்

(அஞ்சலட்டை)

தீர்த்தமலை அடிவாரம்
2.12.1985

மச்சானுக்கு,

ஊருக்கே தெரியட்டும் என்றுதான் அஞ்சலட்டையில் எழுதுகிறேன். தபால்காரர் அண்ணனும் படித்துக்கொள்ளட்டும்.

வியாழக்கிழமை வருகிறேன். பாஞ்சாலி ஒரு சாக்கு முள் தருகிறாள். அம்மாவும் நாலு நாள் கூட வருகிறாள், வெற்றிலைப் பெட்டியோடு. அர்ச்சுனன் அண்ணனின் ஜோடிப் பட்டையில் முள்ளாலேயே பூ வைக்கலாம் என்று நினைத்திருக்கிறேன், தோலைத் தயாராக வையுங்கள். நல்ல வெள்ளாட்டுத் தோலாக, உங்கள் கையால் தேய்த்ததாக இருக்கட்டும்.

பட்டறையில் யாராவது வந்து யார் செய்தது என்று கேட்டால் தலையை ஆட்டாதீர்கள், வாயைத் திறந்து சொல்லுங்கள். என்னால் சொல்ல முடியாது. என் வாயில் முள் இருக்கும்.

குல்ஷன்